டில்சிட்: நூல்கள் கடந்த எல்லை

ருஷ்யாவின் கலினின்கிராட் மாநிலத்தில், நீமன் ஆற்றின் தென்கரையில், சோவெத்ஸ்க் என்றொரு சிறு நகரம் உள்ளது. இப்பெயரை வாசக அன்பர்களில் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டீர்கள். எனினும், வரலாற்றுப் பாடத்தில் படித்த 'டில்சிட் உடன்படிக்கை' சிலருக்கேனும் நினைவிருக்கக்கூடும். அந்த டில்சிட்தான் இந்த சோவெத்ஸ்க்.

பெலாரஸ் நாட்டில் பிறக்கும் நீமன், 900 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடிப் பால்டிக் கடலோரக் காயலில் கலக்கிறது. அதனுடன் ஒரு சிற்றாறு கூடுமிடத்தில் டியூட்டானிய வீரத் துறவியர் கோட்டை ஒன்றை எழுப்பினர். அதனை ஒட்டி வளர்ந்த குடியிருப்புக்கு 1552-இல் பிரஷ்யக் கோமகன் ஆல்பிரெக்ட் நகர உரிமை வழங்கினார்.

1807-ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று, ஆற்றின் நடுவே நிறுத்தப்பட்ட தெப்பத்தில் நெப்போலியனும் ருஷ்யப் பேரரசர் அலெக்சாண்டரும் சந்தித்தனர். மண்ணுக்குரிய பிரஷ்ய மன்னரோ அன்று கரையிலேயே காத்திருக்க நேர்ந்தது! பின்னர் அரசி லூயிஸா நேரில் வந்து நெப்போலியனிடம் மன்றாடியும் பயனில்லை. பிரஷ்யா தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்தது.

ஆயினும், டில்சிட்டின் பெருமை அந்தத் தெப்பத்தில் இல்லை என்பதே என் எண்ணம்.

1863-இல் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கிய ருஷ்ய அரசு, லிதுவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடுவதற்குத் தடை விதித்தது. ருஷ்ய எழுத்தில் அச்சிட்டுக் கொள்ளலாம் என்றது. மக்கள் அந்நூல்களைத் தொட மறுத்தனர். பிரஷ்யாவில் அத்தடை இல்லை. எல்லையும் டில்சிட்டிலிருந்து தொலைவில் இல்லை. எனவே, வழிபாட்டு நூல்களும், அரிச்சுவடிகளும், பஞ்சாங்கங்களும் டில்சிட்டின் அச்சகங்களில் உருவாயின. 1883-இல் பிறந்த 'ஔஷ்ரா' (பொருள்: வைகறை) என்னும் இதழ் முதலில் அருகிலுள்ள ராக்னிட்டிலும், பிறகு டில்சிட்டிலும் அச்சாயிற்று.

அவற்றை எல்லை கடத்தியவர்கள் யார்? பெரும்பாலும் எளிய குடியானவர்கள். முதுகில் மூட்டையாகவும், வண்டியில் வைக்கோலுக்கு அடியிலும் மறைத்து, இரவோடு இரவாகக் கொண்டு சென்றனர். 'நூல் சுமப்போர்' என்றே அவர்களுக்குப் பெயர். பிடிபட்டோர்க்குச் சிறை, சைபீரிய நாடுகடத்தல். காவலரின் குண்டுக்கு இரையானோரும் உண்டு. வந்து சேர்ந்த நூல்களைக் கொண்டு வீட்டிலேயே தாய்மார் பாடம் சொல்லினர். நூற்புச் சக்கரத்தின் அருகே குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்கும் தாயின் உருவத்தைச் சிற்பி பெட்ராஸ் ரிம்ஷா 1906-இல் வடித்தார். 'லிதுவேனியப் பள்ளி' என்பது அச்சிற்பத்தின் பெயர். நாற்பதாண்டு கழித்து 1904-இல் தடை நீங்கிற்று.

பிற்காலத்தில் எல்லை ஆற்றுக்கே வந்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் வடகரை ஜெர்மனியிடமிருந்து பிரிக்கப்பட்டது. 1907-இல் கட்டப்பெற்ற அரசி லூயிஸா பாலத்தை, 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படையே தகர்த்தது. 1945-இல் நகரம் சோவியத் வசமாயிற்று. மறு ஆண்டே பெயர் மாறியது. எஞ்சியிருந்த ஜெர்மானியக் குடிகளும் சில ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டனர். டில்சிட் என்ற பெயர் இன்று கடைகளில் விற்கும் ஒருவகைப் பாலாடைக்கட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய பாலத்தின் முகப்பு வளைவு மட்டும் இடியாமல் தென்கரையில் நிற்கிறது. சீரமைக்கப்பட்ட பாலத்தின் மறுமுனை, லிதுவேனிய மண்.