நாய்க்குப் பேர் இருக்கு, கார்பெண்டருக்கு இல்ல

எங்க கம்பெனி புதுசா இன்னொரு ஃப்ளோர் எடுக்கப் போகுது. அதுக்காக போன வாரம் நாலஞ்சு இன்டீரியர் டிசைன் ஸ்டூடியோக்காரங்களோட புரொஃபைலைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். (நம்ம பொழப்பு அட்மின்ல. நாற்காலி, ஏசி, கக்கூஸ் குழாய், காபி மெஷின் எல்லாத்துக்கும் அடியேன்தான் பொறுப்பு.) எல்லா புரொஃபைல்லயும் தவறாம ஒரு பக்கம் இருக்கு. "எங்கள் ஸ்டூடியோவின் பின்னால் இருப்பவர்கள்". கறுப்பு டீஷர்ட் போட்டு, கை கட்டிக்கிட்டு, கேமராவைப் பார்க்காம ஜன்னலைப் பார்க்கிற நாலு பேர். ஒருத்தங்க அவங்க நாயையும் சேர்த்திருந்தாங்க. பேரும் போட்டு, "மகிழ்ச்சித் துறைத் தலைவர்"னு பதவியும் போட்டு.

நாய்க்குப் பேர் இருக்கு மக்களே. கார்பெண்டருக்கு இல்ல. அதான் இந்தப் பதிவு. யாருக்காவது சுட்டா சுடட்டும்.

2019ல ஓஎம்ஆர்ல ஒரு ஐடி பார்க்ல எங்களுக்கு 12 ஆயிரம் சதுர அடி. வெறும் காங்கிரீட் தரை, 60 நாள்ல ஆபீஸா மாறணும். ஐடி பார்க் ரூல்படி சத்தம் வர்ற வேலை, தூசி வர்ற வேலை எல்லாம் ராத்திரி 9 மணிக்கு மேலதான். ஆளுங்க சர்வீஸ் லிஃப்ட்லதான் வரணும், போகணும். கம்பெனி சார்பா யாராச்சும் இருக்கணும்னு என்னைய ராத்திரி டியூட்டி போட்டாங்க. அப்பதான் நேர்ல பார்த்தேன், ஒரு ஸ்டூடியோவுக்குப் பின்னாடி யாரெல்லாம் இருக்காங்கன்னு.

திண்டிவனம் பக்கத்துல இருந்து ஒரு கார்பெண்டர் அண்ணன், அவர்கூட ஆறு பேர். ஃபால்ஸ் சீலிங் போட பீகார் பசங்க. பட்டி பார்க்க, பெயிண்ட் அடிக்க ஒரு செட்டு. எலக்ட்ரீஷியன், டக்ட் வேலைக்காரங்க, கார்ப்பெட் ஒட்டுறவங்க. எல்லா ஜன்னலும் மூடின கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள, ஏசி ஓடாத ராத்திரியில, மூஞ்சில துண்டைக் கட்டிக்கிட்டு எம்டிஎஃப் பலகையை அறுப்பாங்க. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லயே முதல் குரூப்ல சேர்த்தாச்சு. அந்தப் பலகையை ஒட்டுற பசையில இருக்கிற ஃபார்மால்டிஹைடும் அதே குரூப்தான். ஸ்டூடியோ எங்களுக்கு வித்தது "ஆரோக்கியமான ஆபீஸ்". உட்கார்றவனுக்கு ஆரோக்கியம், செய்யறவனுக்கு துண்டு.

இப்ப மெயின் மேட்டர். வரவேற்பறையில இருந்து மீட்டிங் ரூம் போற வழி முழுக்க கண்ணாடி பார்டிஷன். டிராயிங்ல சீலிங் உயரம் ஒண்ணு போட்டிருந்தாங்க. கண்ணாடிக்கு ஆர்டர் போகப் போற சமயம், கார்பெண்டர் அண்ணன் தண்ணி ட்யூபை வெச்சு லெவல் பார்த்துட்டு வந்து, "சார், இது நிக்காது. டக்ட் கீழ இறங்கியிருக்கு, சீலிங் இந்த உயரத்துக்கு வரவே வராது"ன்னாரு. டஃப்பன் பண்ணின கண்ணாடியை அப்புறம் அறுக்க முடியாது. அறுத்தா பொடிப்பொடியா போயிடும். 14 பலகையும் குப்பைக்குப் போயிருக்கும்.

ஸ்டூடியோவுல டிராயிங் போடுற பொண்ணு ஓடி வந்துச்சு. படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம்கூட ஆகல, அழாத குறை. "அண்ணா, இப்ப என்னண்ணா பண்றது?" அண்ணன் தரையில சாக்பீஸால ஒரு வளைவு போட்டாரு. "டக்ட்டை மறைக்க வேணாம்மா. வளையற ப்ளைவுட்டை அது மேல அலை மாதிரி இறக்கி ஏத்திடலாம். அந்த இடத்துல கண்ணாடி உயரத்தைக் குறைச்சுக்க." விடியக்காலை மூணு மணிக்கு ரெண்டு பேரும் தரையிலயே உட்கார்ந்து அளவெடுத்தாங்க.

அந்த அலை சீலிங்தான் பின்னாடி அந்த ஸ்டூடியோவோட புரொஃபைல் அட்டைப்படம். கீழே விளக்கம்: வங்கக் கடலின் அலைகளிலிருந்து பிறந்த வடிவம். யோவ், அது டக்ட்டுலேர்ந்து பிறந்த வடிவம்யா! நான் கூட நின்னு கொசுக்கடி வாங்கிட்டுப் பார்த்தேன். அண்ணன் பேரும் இல்ல, அந்தப் பொண்ணு பேரும் இல்ல.

இதைச் சொன்னா ஒரு டிசைனர் நண்பர் சண்டைக்கு வர்றாரு. "கூலி வாங்குறாங்கல்ல, அப்புறம் எதுக்குப் பேரு? ஐடியாதான் டிசைன், மத்ததெல்லாம் வேலை." ஐடியா யாருதுன்னு மேலே சொல்லிட்டேன். கூலிக்கும் வர்றேன், கொஞ்சம் பொறுங்க. அதுக்கு முன்னாடி, இவங்க எல்லாம் குருவா கும்பிடுற சார்லஸ் ஈம்ஸ் கதையைக் கேளுங்க. 1946ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல அந்த நாற்காலிகளைக் கண்காட்சி வெச்சப்போ தலைப்புல இருந்தது அவர் பேர் மட்டும்தான். கூடவே வேலை பார்த்த மனைவி ரே ஈம்ஸ் பேர்கூட கிடையாது. கட்டின பொண்டாட்டிக்கே அந்த கதி! அதே ஈம்ஸ் தம்பதி நம்ம அரசாங்கம் கேட்டு 1958ல எழுதிக் கொடுத்த அறிக்கையை வெச்சுத்தான் 1961ல அகமதாபாத்ல என்.ஐ.டி. வந்துச்சு. அந்த அறிக்கையில அவங்க எதைப் பார்த்து வியந்து எழுதினாங்க தெரியுமா? நம்ம சொம்பை. யாரோ ஒரு மேதை உட்கார்ந்து வரைஞ்சது இல்ல, பல தலைமுறைக் கை பட்டு வந்த பொருள்னு. நம்ம நாட்டு டிசைன் படிப்போட ஆரம்பப் பாடமே பேர் தெரியாத கைகளைப் பத்தினது. அந்தப் பாடத்தைப் படிச்சுட்டு வந்து நாலு பேர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க.

சினிமாவை ஈகோ பிடிச்ச தொழில்னு திட்டுறோம். டைட்டில் கார்டைப் பாருங்க. தையல் யாரு, மேக்கப் யாரு, ஸ்டில்ஸ் யாரு, செட் போட்டது யாருன்னு ஓடும். பெப்சியில லைட்மேனுக்கு தனிச் சங்கமே இருக்கு. கோயில் ட்யூப்லைட்ல "உபயம்"னு எழுதியே பாதி வெளிச்சத்தை மறைக்கிற ஊரு சாமி இது. ஒரு ஸ்டூடியோவுக்கு நாலு பேரோட இன்னும் இருபது பேரைப் போட இடமா இல்ல?

சரி, கூலி. 2019 டிசம்பர்ல ஆபீஸ் ரெடி. வழக்கம்போல பில்லுல 5 சதவீதம் ஒரு வருஷத்துக்குப் பிடிச்சு வெச்சோம். அதோட ஸ்னாக் லிஸ்ட். சுவத்துல கீறல், டிராயர் இறுக்கம், லைட் கோணல்னு 83 ஐட்டம். எழுதினது சாட்சாத் நான்தான். டார்ச் அடிச்சு அடிச்சுத் தேடினேன், எம்.டி. பாராட்டினாரு. சரி பண்ண வந்த கார்பெண்டர் அண்ணனை செக்யூரிட்டி மெயின் வாசல்ல விடல. அவர் போட்ட வாசல் அது.

2020 மார்ச்ல லாக்டவுன். 83ல 9 ஐட்டம் பாக்கி நின்னுச்சு. நாங்க ஸ்டூடியோவுக்குப் பிடிச்சோம், ஸ்டூடியோ காண்ட்ராக்டருக்குப் பிடிச்சுது, காண்ட்ராக்டர் மேஸ்திரிக்கு. கடைசியில நின்னது அண்ணன் செட்டோட கடைசி மாசக் கூலி. ஜூன்ல போன் பண்ணினாரு.

"சார், நீங்க லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டா விடுவாங்களாம்."

"அண்ணே, பான்ட்ரி கதவு ரெண்டு மில்லி இறங்கியிருக்குன்னு எழுதியிருக்கேன். சரி பண்ணாம எப்படிப் போடறது?"

"திறக்க ஆளே இல்லாத ஆபீஸ்ல கதவு இறங்கினா என்ன சார்?"

நான் போடல. ரூல்னு சொன்னேன். 2021ல கம்பெனி அந்த ஃப்ளோரையே காலி பண்ணிச்சு. அலை சீலிங், கதவு எல்லாம் நாலே நாள்ல உடைச்சு லாரியில ஏத்தினாங்க. உடைக்கும்போதும் நான்தான் டியூட்டி. ஸ்னாக் லிஸ்ட் அப்பவும் ஃபைல்ல 9 பாக்கியோடதான் இருந்துச்சு. அண்ணனுக்குப் பாதிதான் கைக்கு வந்துச்சாம். ஆகவே ஸ்டூடியோவை மட்டும் திட்டிட்டு நான் நழுவ முடியாது. அந்தப் பக்கத்துல என் போட்டோவும் வரணும், வில்லன் வேஷத்துல.

போன வாரம் அட்டைப்படத்துல அந்த அலையை மறுபடி பார்த்ததும் அண்ணனுக்கு போன் போட்டேன். நம்பர் மாறல. இப்படி ஒரு பதிவு எழுதப் போறேன், உங்க பேரைப் போட்டுக்கவான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "வேணாம் சார். படிச்சுட்டா அடுத்த சைட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க"ன்னாரு. அதனாலதான் இவ்வளவு கத்திட்டு நானும் அவரை "அண்ணன்"னே எழுதியிருக்கேன்.

புது ஃப்ளோருக்கு விலைப்புள்ளி கேட்கிற கடிதத்துல ரெண்டு வரி சேர்த்து மேலே அனுப்பியிருக்கேன். ஒண்ணு, வேலை செஞ்சவங்க பேரை அவங்க சம்மதத்தோட வாசல்ல பலகையா வைக்கணும். ரெண்டு, பிடிச்சு வைக்கிற பணம் கூலியில கை வைக்கக் கூடாது. முதல் வரியை எம்.டி. ரசிச்சாரு. ரெண்டாவதை ஃபைனான்ஸ்ல அடிச்சுட்டாங்க. நாளைக்கு மறுபடி எழுதி அனுப்பணும்.

டிஸ்கி: டிசைனர் நண்பர்கள் பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம். ராத்திரி 9 மணிக்கு மேல பதில் சொல்றேன்.