மாரிக்கும் ஒரு திட்டம் வேண்டும்

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் கடைசியில் வாடைக்காற்று திரும்பும்போது எங்கள் ஊரில் ஒரே வசனத்தைக் கேட்கிறேன்: “இனி மாரி. தை பிறக்கும் வரைக்கும் ஒன்றும் செய்ய ஏலாது.” உம்மாமார் சொல்கிறார்கள், கடைக்காரர் சொல்கிறார், பாடசாலை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு எங்கள் தோழியரும் சொல்கிறார்கள். இந்த வசனத்தோடுதான் எனக்கு வாக்குவாதம். வருடத்தில் மூன்று நான்கு மாதங்களை “ஒன்றும் செய்ய ஏலாது” என்று எழுதி வைத்துவிட்டால், பதினெட்டு வயதாகும்போது ஒரு பிள்ளை தன் வாழ்வில் ஏறத்தாழ ஐந்து வருடங்களை மழைக்குக் கொடுத்துவிட்டிருப்பாள்.

முதலில் மழையை நியாயமாகப் பார்ப்போம். தென்மேல் பருவக்காற்று கொழும்பையும் காலியையும் நனைக்கும் மே முதல் செப்ரெம்பர் வரையான காலத்தில் எங்களுக்குக் கச்சான் காற்றும் வெயிலும்தான். எங்கள் மழை வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட கால மழை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழை. வருடம் முழுவதும் திருகோணமலையில் பெய்யும் சுமார் 1600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே கொட்டித் தீர்க்கிறது. இந்த மழை இல்லாவிட்டால் கந்தளாய்க் குளம் நிரம்பாது. தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் பெரும்போக வேளாண்மை இல்லை. எங்கள் கிணறுகளில் ஆடி மாதம் தண்ணீர் இல்லை. மழையை “றஹ்மத்து” என்று சொல்லும் எங்கள் உம்மம்மாமார் வெறும் வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை.

ஆனால் அருள் என்று சொல்வதால் அதன் பாரம் குறைந்துவிடாது. உள்துறைமுகத்தைச் சுற்றியுள்ள எங்கள் பகுதிகளில் பத்து நாட்கள் தொடர்ந்து மப்பும் மந்தாரமுமாக இருந்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது. கொப்பியின் தாள்கள் ஈரமூறி, பேனை மை பரவுகிறது. உப்புப் போத்தல் கரைந்து கிடக்கிறது. பகல் பதினொரு மணிக்கும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. விளக்குப் போடும் நேரத்தில்தான் மின்சாரமும் போகிறது. காலையில் எழும்ப மனமில்லை, படிக்க மனமில்லை, பேசவும் மனமில்லை. பெரியவர்கள் இதைச் சோம்பல் என்கிறார்கள். அது முழுவதும் சரியல்ல என்பது என் கருத்து.

எங்கள் குளிர் பெரிய குளிரல்ல. மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பகலின் நீளமும் பெரிதாகக் குறைவதில்லை. திருகோணமலையில் ஜூன் மாதத்து மிக நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதத்து மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். குறைவது வெளிச்சம். வெயில் அடிக்கும் நண்பகலில் வெளியே ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். முகில் மூடிய பகலில் அது சில ஆயிரங்களுக்கு இறங்கிவிடும். யன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு இருக்கும் வீட்டு அறையிலோ அது நூறு, இருநூறு லக்ஸ்தான். எங்கள் உடலுக்குள் தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் ஒரு கடிகாரம் உண்டு. அதற்குச் சாவி கொடுப்பது கண்ணுக்குள் வரும் காலை வெளிச்சம். நாள் முழுவதும் அறைக்குள் இருந்தால் அந்தக் கடிகாரம் தடுமாறுகிறது. இரவில் தூக்கம் பிந்துகிறது, காலையில் உடல் கனக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மூடிய வானத்தின் கீழும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். எனவே மழை ஓய்ந்திருக்கும் அரை மணித்தியாலத்தில் முற்றத்திலோ திண்ணையிலோ விறாந்தையிலோ இருந்தாலே பயன் உண்டு. நோர்வேயின் வடக்கே ட்ரொம்சோ என்ற நகரத்தில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. அங்கும் பிள்ளைகள் பாடசாலை போகிறார்கள். குளிருக்கேற்ற உடுப்போடு வெளியே விளையாடுகிறார்கள். அந்த வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் எண்பதுகளில் எங்கள் வடக்கு கிழக்கிலிருந்து போன தமிழர்கள் வேலை செய்து பிழைத்தார்கள். வெயிலிலேயே பிறந்து வளர்ந்த அவர்கள் சூரியனில்லாத இரண்டு மாதங்களைத் தாண்டக் கற்றுக்கொண்டார்கள் என்றால், முகில் மறைத்த சூரியனோடு நாங்கள் சமாளிக்கலாம்.

ஆனால் மனதைத் தேற்றிக்கொள் என்று மட்டும் சொல்லி முடிக்க நான் விரும்பவில்லை. மாரியின் பாரம் எல்லோர் தலையிலும் ஒரேயளவு விழுவதில்லை. பெண்கள் தலையில் கூடுதலாக விழுகிறது. கோடையில் ஒரு மணித்தியாலத்தில் காயும் உடுப்பு மாரியில் இரண்டு நாட்களாகியும் காயாது. கொடியிலிருந்து எடுப்பதும், மீண்டும் போடுவதும், அறைக்குள் கயிறு கட்டுவதும், ஈர விறகோடு மல்லுக்கட்டுவதும், ஒழுகும் இடத்தில் வாளி வைப்பதும், சேற்றுக் கால்களோடு வந்தவர்கள் போன பிறகு நிலத்தைத் துடைப்பதும், தடிமனும் காய்ச்சலுமாகக் கிடக்கும் சின்னப் பிள்ளைக்குக் கொத்தமல்லி அவிப்பதும் யார்? உம்மாவும் வீட்டில் மூத்த பெண்பிள்ளையும்தான். வேலை இரட்டிப்பாகும் அதே மாதங்களில்தான் பரீட்சையும் வருகிறது. 2024ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை நவம்பர் 25ஆம் திகதி தொடங்கி, சீரற்ற காலநிலையால் உடனேயே இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் முதல் வாரத்தில்தான் மீண்டும் நடந்தது. வெள்ளம் சூழ்ந்த வீட்டில் அந்த இடைவெளியைப் படிப்பதற்குப் பயன்படுத்தியவர்கள் எத்தனை பேர், வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றியவர்கள் எத்தனை பேர் என்று பெற்றோர்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் வீடுகளுக்கு. மாரி வேலைகளைப் பங்கு போடுங்கள். கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் வாப்பாவும், ரியூசன் இல்லாமல் கைபேசியோடு படுத்திருக்கும் நானாவும் கொடியில் உடுப்புப் போட்டால் யாருடைய மரியாதையும் குறையாது. ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றுவதும், விறகை அடுக்கி மூடி வைப்பதும், வடிகான் துப்புரவாக்குவதும் செப்ரெம்பரிலேயே முடிய வேண்டிய வேலைகள். மழை வந்த பிறகு அவை இரட்டை வேலை.

இரண்டாவது வேண்டுகோள் பாடசாலைகளுக்கு. எங்கள் சீருடை வெள்ளை, தலையில் போடுவதும் வெள்ளை, சப்பாத்தும் வெள்ளை. கோடையில் அழகு. மாரியில் சேறு பட்டால் தோய்க்க வேண்டும், தோய்த்தால் காயாது. ஒரே ஒரு சோடி சீருடை உள்ள பிள்ளை என்ன செய்வாள்? “தலையிடி” என்று சொல்லி வீட்டில் நின்றுவிடுவாள். ஈர உடுப்பால் பாடசாலைக்கு வரவில்லை என்று எந்தப் பிள்ளையும் வாய் திறந்து சொல்ல மாட்டாள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை நாட்களில் செருப்போடு வரலாம், சீருடை காயாவிட்டால் ஒழுக்கமான வேறு நிற உடுப்போடு வரலாம் என்று அதிபரும் பெற்றோரும் சேர்ந்து முடிவெடுத்தால் ஒரு சதமும் செலவில்லை. ஒழுங்கு கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். வகுப்பறையில் இருந்து படிப்பதைவிடப் பெரிய ஒழுங்கு எது?

அதோடு நூலகத்தைப் பாடசாலை விட்ட பிறகும் ஒரு மணித்தியாலம் திறந்து வையுங்கள். இருட்டான வீட்டில் தனியே புத்தகத்தோடு போராடும் பிள்ளைக்கு நல்ல வெளிச்சமும், எதிரே இன்னொருத்தி படித்துக்கொண்டிருக்கும் காட்சியுமே பெரிய உதவி. சோர்வு தனிமையில்தான் வளரும்.

இங்கே பெற்றோரின் பயத்தையும் பேச வேண்டும். “மழைக்குள் பிள்ளையை எப்படி அனுப்புவது?” என்பது நியாயமான கேள்வி. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஓடிய இழுவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளை இழந்தோம். அதை மறந்துவிட்டு “பிள்ளைகளை அனுப்புங்கள்” என்று நான் எழுத மாட்டேன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்ததும் எங்களுக்கு நினைவிருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுக்கும் நாளில், வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடும் நாளில், பிள்ளை வீட்டில்தான் நிற்க வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் ஒரு மாரியில் எத்தனை? மற்ற நாட்களெல்லாம் வெறும் மழை. வெறும் மழைக்கும் ஆபத்துக்கும் வித்தியாசம் பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே கதவைச் சாத்துகிறோம். பெண்பிள்ளை என்றால் அந்தக் கதவு இன்னும் விரைவாகச் சாத்தப்படுகிறது. தம்பி மழையில் பந்தடிக்கப் போகிறான். தங்கச்சி வகுப்புக்குப் போகக் கூடாது. குறிஞ்சாக்கேணி எங்களுக்குச் சொல்லும் பாடம், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான பாதையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே. வீட்டுக்குள் வைத்திருப்பது அதற்குப் பதிலாகாது.

மூன்றாவது விடயம் பணம். மாரியில் மனம் சோர்வதற்கு வானம் மட்டும் காரணமல்ல, அடுப்பும் காரணம். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் சிறு படகுகள் கரையேறிவிடும். கோடையில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி அடித்துத் தொழில் செய்பவர்களும் மூட்டை கட்டிப் போய்விடுவார்கள். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உல்லாசப் பயணிகளின் காலம் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான். அதன் பிறகு ஹோட்டல் வேலையும் ஓட்டோ ஓட்டமும் படுத்துவிடும். வருமானம் நின்ற வீட்டில் வாப்பாவின் மௌனத்தைப் பிள்ளைகள் தங்கள் மேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் முன்னோர் இதற்கு வழி வைத்திருந்தார்கள். கோடையில் மிஞ்சிய மீனைக் கருவாடாக்கினார்கள்; நெல்லை அவித்துக் காயவைத்துச் சேமித்தார்கள்; பெண்கள் சீட்டுப் பிடித்தார்கள். கருவாடு என்பது வெயிலைச் சேமித்து மழையில் சாப்பிடும் முறைதானே. அதே புத்தியைப் பணத்திலும் காட்டலாம். வைகாசியில் தொடங்கி ஐப்பசியில் கைக்கு வரும் ஒரு “மாரிச் சீட்டு” தெருவுக்கு ஒன்று இருந்தால், கார்த்திகையில் அடகுக் கடைக்குப் போகும் காப்புகள் சில கையிலேயே தங்கும்.

உடல்நலத்தையும் விட முடியாது. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவை டெங்கு எப்படி வாட்டியது என்பதை இங்குள்ள பெற்றோர் அறிவார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாட்கள் போதும். எனவே வாரத்துக்கு ஒருமுறை, மழை விட்ட நேரத்தில், சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய ரயர், பீலி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்ப்பது ஒரு வேலைக்கு இரண்டு பலன்: நுளம்பும் குறையும், நாங்களும் வெளிச்சத்தில் இருபது நிமிடம் நடந்திருப்போம்.

தோழியருக்கு நேரடியாகச் சில வார்த்தைகள். மாரிக்கென்று தனி நேரசூசி போடுங்கள். கடினமான பாடத்தைப் பகல் வெளிச்சம் இருக்கும்போது யன்னலோரம் இருந்து படியுங்கள்; இலகுவானதை இரவுக்கு விடுங்கள். விடிந்ததும் யன்னலைத் திறவுங்கள். கட்டிலில் படிக்க வேண்டாம். மாரியில் கட்டில் எப்போதும் தூக்கத்தின் பக்கமே நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு தோழியோடாவது வாய்விட்டுப் பேசுங்கள். மழைக்காலத்துக்கென்றே ஒரு கைவேலை வைத்துக்கொள்ளுங்கள்: தையலோ, ஓலைப் பின்னலோ, உம்மம்மாவிடம் கேட்டு எழுதும் பழைய கதையோ.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கப் பழகுவோம். வானம் வெளுத்ததும் வெளுக்கும் சோர்வு காலநிலைச் சோர்வு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அது மழையின் வேலை அல்ல. அது மருத்துவம் தேவைப்படும் நோய். அதை வீட்டில் சொல்வதில் வெட்கமில்லை. சொல்லும் பிள்ளையை “நடிக்காதே” என்று அடக்காமல் இருப்பது பெற்றோரின் கடமை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

நோன்புக்கு முன்பே வீட்டைத் துப்புரவாக்கி, அரிசி இடித்து, எல்லாவற்றையும் ஒழுங்கு செய்பவர்கள் நாங்கள். வருவது தெரிந்த ஒன்றுக்கு ஆயத்தம் செய்வது எங்களுக்குப் புதிதல்ல. மாரியும் வருவது தெரிந்த ஒன்றுதான். வருகிற செப்ரெம்பரில் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் பரீட்சைப் புள்ளிகளோடு இன்னும் மூன்று விடயங்களையும் பேசும்படி கேட்கிறேன்: மழைநாள் உடுப்பு, நூலக நேரம், பிள்ளைகள் வரும் பாதை. மூன்றுக்கும் அன்றே விடை கிடைத்தால், அடுத்த வாடைக்காற்று திரும்பும்போது “ஒன்றும் செய்ய ஏலாது” என்று சொல்ல எங்களுக்குக் காரணம் இருக்காது.