தொழிற்சாலையில் பிறந்தது குற்றமா?

ஆங்கிலேயப் பாய்ப்படகோட்டிகளிடையே ‘சராசரி வெள்ளைப் படகு’ என்றொரு ஏளனப் பெயர் உலவுகிறது. பிரான்சின் பெனெட்டோவும் ஜானோவும், ஜெர்மனியின் பவேரியாவும் ஹான்சேயும் அச்சில் வார்த்து வரிசையாக இறக்குகின்ற உல்லாசப் பாய்ப்படகுகளுக்கு இட்ட பெயர் அது. கண்ணாடியிழை உடல், செங்குத்தான முகப்பு, அகன்ற பின்புறம், இரண்டு சுக்கான் சக்கரங்கள், உள்ளே இரண்டு மூன்று படுக்கையறைகள். ஒன்றைப் பார்த்தால் மற்றொன்றைப் பார்க்க வேண்டியதில்லை, இவை மிதக்கும் குளியல் தொட்டிகள், இவற்றுக்கு ஆன்மா கிடையாது என்பது குற்றச்சாட்டு. கடற்பயண நூல்களில் தோய்ந்த நம் நண்பர்கள் சிலரும் இவ்வசையை மனப்பாடம் செய்துகொண்டு, மரத்தால் இழைத்த பழம்படகுகளுக்காகக் கண்ணீர் உகுக்கிறார்கள். அவர்களுள் ஒருவரும் பாய்ப்படகில் கால் வைத்தவர் அல்லர். நாமும் அப்படியே. படித்ததைக் கொண்டு அவர்கள் வழக்குத் தொடுக்கலாமென்றால், படித்ததைக் கொண்டே நாம் மறுக்கவும் செய்யலாம்.

அவர்கள் முதலில் அழைக்கும் சாட்சி ‘சுஹைலி’. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பெற்ற முப்பத்திரண்டடிப் படகு. 1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மத் துறையை விட்டுப் புறப்பட்ட ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், எங்கும் கரைதொடாமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றி, 312 நாட்களுக்குப் பின் 1969 ஏப்ரலில் அதே துறைக்கு மீண்டார். அப்படி மீண்ட முதல் மனிதர் அவரே. ஐயமில்லை, மகத்தான படகுதான். ஆனால் அது ஒழுகியது என்பதை நண்பர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பயணத்தின் தொடக்கத்திலேயே, அட்லாண்டிக்கில், அடிப்பலகைகளின் இணைப்பு வாய்விட்டு நீர் உள்ளே புகுந்தது. அவர் கடலுள் மூழ்கி, பஞ்சு திணித்துக் கலப்பற்று செய்து, மேலே செப்புத் தகடு அறைந்தார். இடையில் சுற்றித் திரிந்த சுறா ஒன்றைச் சுட நேர்ந்தது. மரத்தின் ஆன்மா நீரைத் தடுத்துவிடவில்லை. காயம் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டியது. இந்த ஒன்றை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதனிடம் திரும்புவோம்.

இரண்டாவது சாட்சி ‘கான்டெசா 32’. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புகுந்த 303 படகுகளைப் புயல் சிதறடித்தது. பந்தயத்தில் சென்றவர்களுள் 15 பேர் மாண்டனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று, ‘அசென்ட்’ என்னும் கான்டெசா. அன்றுமுதல் அவ்வினத்துக்குக் கோயில் எழும்பாத குறைதான். நல்லது. அந்தக் கான்டெசா எங்கே பிறந்தது? தவமுனிவர் ஒருவரின் உளிமுனையிலா? இங்கிலாந்தின் லிமிங்டனில், கண்ணாடியிழையையும் பிசினையும் அச்சிலிட்டு, ஒன்றுபோல் ஒன்றாய் எழுநூறுக்கும் மேல் வார்த்தெடுக்கப்பட்ட படகு அது! பாட்டனார் தொழிற்சாலையில் பிறந்தால் குலப்பெருமை, பேரன் பிறந்தால் இழிபிறப்பு. இந்த நீதியை நாம் வேறு இடங்களிலும் கண்டிருக்கிறோம்.

பெனெட்டோ நிறுவனமும் நேற்று முளைத்ததன்று. 1884இல் பிரான்சின் மேற்குக் கரையில் மீன்பிடி படகு கட்டத் தொடங்கிய குடும்பம் அது. மீன்பிடி படகுக்கு ஆள் குறைந்தபோது, 1960களில் கண்ணாடியிழை உல்லாசப் படகுக்கு மாறியது. குடும்பத்தோடு கடலில் செல்வதற்கென்றே 1986இல் அது இறக்கிய வரிசை ‘ஓசியானிஸ்’. அதே ஆண்டில்தான் கேனரித் தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கைக் கூட்டமாகக் கடக்கும் ஏஆர்சி அணிவகுப்பும் தொடங்கிற்று. ஏறக்குறைய 2,700 கடல்மைல். இன்று அதில் செல்வோரில் பலர் இந்தச் சராசரி வெள்ளைப் படகுகளில்தாம் செல்கிறார்கள், கரை சேர்கிறார்கள். அகன்ற பின்புறத்தை நண்பர்கள் அழகின்மை என்பார்கள். அங்கே பிள்ளைகள் உட்காரலாம், படுக்கையறை விரியும். அப்படி அகன்ற படகு சாயும்போது நடுவிலுள்ள ஒற்றைச் சுக்கான் நீரைவிட்டு மேலெழும் என்பதால்தான், பலவற்றில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுக்கான்கள் வைக்கிறார்கள். தட்டையான முன்னடி எதிரலையில் ‘தொம்’மென்று அறையும் என்பது மெய்யே, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் விடுமுறைக்குக் கிரேக்கத் தீவுகளிடையே செல்லும் குடும்பம் கேப் ஹார்னுக்கான படகில்தான் ஏறவேண்டும் என்பது, மலிவுப் பதிப்பில் குறள் படிக்கிறவனை ஓலைச்சுவடி இல்லாமல் படிக்காதே என்று விரட்டுவது போன்றது.

இவ்வளவும் சொன்ன பிறகு நம் தரப்பாரையும் நாம் விடப்போவதில்லை. இப்படகுகள் மேல் சுமத்த வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. ஆன்மாவைத் தேடும் ஆரவாரத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

2014 மே மாதம், ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ரஃபிகி’ நடு அட்லாண்டிக்கில் கவிழ்ந்தது. பெனெட்டோவின் ‘ஃபர்ஸ்ட் 40.7’ இனம். நால்வர் போனார்கள், உடல்கள் கிடைக்கவில்லை. கவிழ்ந்து மிதந்த படகில் ஏரா இல்லை. உயிர்காப்புத் தெப்பம் பிரிக்கப்படாமல் தன் இடத்திலேயே இருந்தது. ஏரா என்பது படகு கவிழாதபடி அடியில் தொங்கும் எடை. பழைய படகில் அது உடலோடு நீண்டு கலந்திருக்கும். இன்றைய படகில் துடுப்புபோல் குறுகி, மரையாணிகளால் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தின் பாரத்தைத் தாங்க, தனியே வார்த்த சட்டகம் ஒன்றை உள்ளே வைத்துப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். வேலை விரைவு, விலை குறைவு, புதிதில் வலிமைக்கும் குறைவில்லை. ஆனால் படகு தரைதட்டினால்? ஒட்டு விட்டுப்போயிருக்கலாம். விட்டுப்போன ஒட்டு சட்டகத்துக்கும் உடலுக்கும் நடுவே இருக்கிறது. கண் அங்கே போகாது. சீக்கி ரஃபிகி முன்னரே சிலமுறை தரைதட்டிப் பழுதுபார்க்கப்பட்டிருந்தது. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுத் துறை 2015இல் வெளியிட்ட அறிக்கை, அவை அப்பகுதியை நலிவித்திருக்கக்கூடும் என்றது. உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. இவ்வகைக் கட்டுமானத்தில் ஒட்டு விட்டதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதையும் அது எடுத்துக்காட்டியது.

ஐரோப்பிய விதிப்படி இத்தகைய படகுகளுக்கு ‘ஏ’ என்று பெருங்கடல் தரம் அளிக்கிறார்கள். போஃபர்ட் அளவில் எட்டுக்கு மேற்பட்ட காற்றும் நான்கு மீட்டருக்கு மேற்பட்ட அலையும் தாங்கும் என்பது அதன் பொருள். அச்சான்று படகு விற்கப்பட்ட நாளுக்கு உரியது. மூன்று பாறைகளில் இடித்து, நான்கு கைகள் மாறி, ஆண்டுகள் பல கடந்த படகின் மேலும் அதே எழுத்துத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுஹைலிக்கு எந்த எழுத்தும் இல்லை. அதன் காயத்தை அதன் தலைவர் நீருக்குள் போய்த் தம் கையால் தடவிப் பார்க்க முடிந்தது.

ஆகவே ஆயிரக்கணக்கில் வார்க்கட்டும், நமக்கு வழக்கில்லை. வார்ப்பவர்கள் அந்தச் சட்டகத்தைத் திறந்து பார்க்கவும் தட்டிப் பார்க்கவும் வழி விடட்டும்; மரையாணியைத் தொடுவதற்கு அறைகலனை அறுக்க வேண்டிய நிலை வேண்டாம். தரைதட்டிய ஒவ்வொரு முறையும் படகின் ஏட்டில் எழுதப்பட்டு, விற்கும்போது ஏடும் உடன் போகட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு படுக்கையறையின் மெத்தைச் செலவைவிடப் பன்மடங்கு ஆகிவிடுமா என்ன?

இன்று பிரான்சின் லா ரோஷெல்லிலும் போர்தோவிலும் வார்க்கப்படும் இரட்டையுடல் படகுகளைக் ‘கேட்டமரான்’ என்கிறார்கள். சொல் நம்முடையது, கட்டுமரம், பொருள் வேறாகிவிட்டது. சோழமண்டலக் கரையின் மரபான கட்டுமரத்தில் ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் பரதவர் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் பரப்பிக் காயவைப்பார்கள். மறுநாள் விடியுமுன் ஒவ்வொரு மரமும் மீண்டும் ஒருவர் கைபட்டே கட்டப்படும்.