பிறேக்கைக் கழற்றி வைத்தவர்கள்

லண்டனில் என் தம்பியின் வீட்டு வாசலுக்குள் நுழைபவர் முதலில் காண்பது சுவரில் தொங்கும் ஒரு சைக்கிளைத்தான். மட்கார்ட் இல்லை. கரியர் இல்லை. மணி இல்லை, லைற் இல்லை, கியர் இல்லை. பிறேக்கும் இல்லை. என் பெறாமகன் அதை வாங்கிய விலையைச் சொன்னபோது, கேட்டதில் பிழையோ என்று இரண்டு தடவை ரூபாவில் பெருக்கிப் பார்த்தேன்.

"உங்கட யாழ்ப்பாணத்துச் சைக்கிள் மாதிரித்தான் பெரியப்பா. ஒரே ஒரு கியர்" என்றான் அவன்.

"எங்கட சைக்கிளிலை பிறேக் இருந்தது தம்பி" என்றேன்.

நான் சொன்னது முழு உண்மையல்ல. அந்தப் பொய்யைத் திருத்திக்கொள்வதும் இதை எழுதுவதற்கு ஒரு காரணம்.

வாசகர்களில் பலருக்கு இவ்வகைச் சைக்கிளின் நுட்பம் தெரியாதிருக்கலாம். நாங்கள் ஓடிய ரலியும் ஹம்பரும் லுமாலாவும் ஒற்றைக் கியர்ச் சைக்கிள்களே. ஆனால் அவற்றின் பின்சில்லில் பிறீவீல் உண்டு. மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் தன்பாட்டில் உருளும். ஃபிக்ஸி என்று இளைஞர்கள் அழைக்கும் சைக்கிளில் பிறீவீல் கிடையாது. பின்பல்சக்கரம் சில்லோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். சில்லு சுழலும்வரை பெடலும் சுழலும், பெடலோடு காலும் சுழலும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சுழலும் பெடலைக் காலால் எதிர்த்து மிதிக்க வேண்டும். உடனே நிற்க வேண்டுமானால் உடலை முன்னே சாய்த்து, காலை இறுக்கி, பின்சில்லைப் பூட்டி வழுக்கவிட வேண்டும். இதை ஒரு கலையாகவே பயில்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை அவன் என்னைத் தன் நண்பர்களிடம் அழைத்துச் சென்றான். ஹக்னிப் பகுதியில், கால்வாயை அண்டிய ஒரு கோப்பிக் கடை. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி மருத்துவத் தாதி, ஒருவன் சமையற்காரன், இருவர் வரைகலைஞர்கள், மற்றவர்கள் மாணவர்கள். பொதி கொண்டுசெல்லும் கூரியர் தொழிலாளர் இருவரும் இருந்தனர். எல்லோரும் வலது காற்சட்டையை மடித்துவிட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் செயின் எண்ணெய் படாமலிருக்க நாங்கள் செய்த அதே வேலை. பேச்சு முழுவதும் பல்லின் எண்ணிக்கை பற்றியது. முன்னே 48 பல், பின்னே 16 பல் பூட்டினால், பெடல் ஒருமுறை சுற்ற சில்லு சரியாக மூன்று முறை சுற்றும். ஆகவே ஒரே காலை முன்வைத்து வழுக்குபவனின் ரயர் எப்போதும் ஒரே இடத்திலேயே தேயும். பின்னே 17 பல் போட்டால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பகிரப்படும். என் பெறாமகன் தன் பழைய ரயரைக் காட்டினான். மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்க, ஓர் உள்ளங்கை அகலத்தில் மட்டும் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. கணக்கு எனக்குப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் இப்படிக் கற்பித்திருந்தால் நானும் கணிதத்தில் தேறியிருப்பேன்.

அவர்களை இகழ்வது என் நோக்கமல்ல. ஒற்றைக் கியரின் மேன்மை பற்றி அவர்கள் கூறுவதில் பெரும்பகுதி உண்மை. உறுப்புகள் குறைவு, பழுது குறைவு. மழையும் குளிர்காலத்து உப்பும் நிறைந்த வீதிகளில் கியர் மாற்றும் கருவி துருப்பிடித்து அழியும். ஒற்றைச் செயினுக்கு ஒரு துளி எண்ணெய் போதும். பிரான்ஸ் சுற்றுப் போட்டியிலேயே 1937 வரை கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி இருக்கவில்லை. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றி மறுபக்கம் திருப்பிப் பூட்டி ஏறினார்கள். நியூயோர்க்கில் கூரியர் வேலை செய்த ஹார்லெம் இளைஞர் நெல்சன் வெயில்ஸ் 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். உழைப்பாளியின் சைக்கிள் என்ற பெருமை அதற்கு உண்டு.

ஆனால் பிறேக்கைக் கழற்றுவது வேறு விடயம். அன்று அங்கே நான் கண்ட ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அந்தக் கூட்டத்தில் முன்பிறேக் பூட்டியிருந்தவர்கள் நால்வர் மாத்திரமே. அந்த நால்வரில் இருவர் அந்தக் கூரியர் தொழிலாளர்கள். அவர்களில் மூத்தவர் இருபது ஆண்டுகளாக இந்த நகரின் வீதிகளில் ஓடுபவர். ஏன் பூட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "எனக்கு நாளைக்கும் வேலை இருக்கிறது" என்றார். சைக்கிளால் சோறு உண்பவன் பிறேக் வைத்திருக்கிறான். அவனைப் போலத் தோன்ற விரும்புபவன் கழற்றிவிடுகிறான்.

அவர்களுடைய நியாயங்களைக் கேட்டேன். முதலாவது, கால்தான் பிறேக். இது அரைகுறை உண்மை. சைக்கிள் வேகம் குறையும்போது பாரம் முன்சில்லுக்குச் சாய்கிறது, பின்சில்லு இலேசாகிறது. இலேசான சில்லை எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்குமேயன்றி நிறுத்தாது. முன்பிறேக் நிறுத்தும் வலுவில் பாதியைக்கூடப் பின்சில்லால் தர இயலாது. ரயர் தேயத் தேயப் பயின்ற கலை, நிற்பதற்கு மிக மோசமான வழியைப் பயின்ற கலையே.

இரண்டாவது, பந்தயத் தடத்தில் பிறேக் இல்லையே என்பது. உண்மை. தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். அங்கே கீரைக்கட்டோடு யாரும் குறுக்கே வருவதில்லை, பாடசாலை விட்டுப் பிள்ளைகள் ஓடிவருவதில்லை. ஜப்பானில் கெய்ரின் என்ற சூதாட்டப் பந்தயம் 1948 முதல் நடக்கிறது. ஃபிக்ஸி இளைஞர்கள் அந்தச் சைக்கிள்களைத் தெய்வமாகப் போற்றுகிறார்கள். அந்த நாட்டிலேயே வீதிக்கு வரும் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் பிறேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். பந்தய வீரரும் வீதியில் பயிற்சி எடுக்கும்போது பூட்டிக்கொண்டே வருகிறார். அவரிடமிருந்து சைக்கிளின் அழகை எடுத்துக்கொண்டவர்கள் இந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது நியாயத்தை என் பெறாமகனே சொன்னான். "விழுந்தால் நான்தானே பெரியப்பா விழுவேன்."

இங்கேதான் என் பொய்யைத் திருத்த வேண்டியிருக்கிறது.

1993 மார்கழி. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம். பத்திரிகைத்தாள் இல்லாமல் கொப்பித்தாளில் பத்திரிகை அடித்தோம். ரயர் கிழிந்தால் தைத்து ஓடினோம். பிறேக் கட்டை தேய்ந்தால் மாற்றுக் கட்டை கிடைக்காது. கிடைத்தாலும் விலை கட்டாது. பழைய செருப்பின் அடியை வெட்டி அந்த இடத்தில் செருகுவோம். காய்ந்த நாளில் அது ஓரளவு பிடிக்கும். மழை நாளில் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். ஒரு மாதமாகத் தெரிந்திருந்தது. நாளை பார்ப்போம் என்று விட்டிருந்தேன்.

இரவு வேலை முடிந்து விடியற்காலையில் திருநெல்வேலிப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். தூறல். ஒழுங்கையிலிருந்து தலையில் கடகத்தோடு ஒரு வயோதிபப் பெண் வீதிக்கு இறங்கினார். சந்தைக்குக் கீரை கொண்டுபோகிறவர். பிறேக்கைப் பிடித்தேன். ஈரச் சில்லில் செருப்புத்துண்டு வழுக்கியது. "அம்மா, விலத்துங்கோ" என்று கத்தினேன். கத்தியது நினைவிருக்கிறது, ஏனென்றால் அதைக் கேட்டுத்தான் அவர் நின்றார். நிற்காமல் நடந்திருந்தால் கடந்திருப்பார்.

இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டுப்பாடு. தை மாதம் காலமானார். செத்தவீட்டுக்குப் போனேன். அவருடைய மகன் என்னை ஏசுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று எண்ணியே போனேன். அவர் கதிரை எடுத்துப் போட்டுத் தேத்தண்ணீர் தரச் சொன்னார். "ஷெல் விழுந்து சாகிற ஊர் தம்பி. சைக்கிள் இடிச்சதுக்கு ஆரை நோகிறது" என்றார்.

அந்த ஆண்டுகளில் எத்தனையோ மரணச் செய்திகளை எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவின் மரணம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. நான் எழுதவில்லை. நானும் விழுந்தேன்தான். முழங்காலில் சிராய்ப்பு. மூன்று நாளில் ஆறியது.

எனக்கு அன்று பிறேக் கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முயன்றதுண்டு. இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம் என்ற பதில் உடனே வந்துவிடும். ஆனால் கடைக்குக் கடை பிறேக் தொங்கும் நகரில், இருக்கும் பிறேக்கைக் கழற்றி வைப்பவனுக்கு என்ன சாட்டு இருக்கிறது?

நாங்கள் கோப்பி குடித்த இடத்திலிருந்து அதிக தூரமில்லாத ஓல்ட் ஸ்ட்ரீட்டில், 2016 பெப்ரவரியில், வீதியைக் கடந்த 44 வயதுத் தாய் ஒருவர் மீது 18 வயது இளைஞர் ஒருவர் மோதினார். முன்பிறேக் இல்லாத ஃபிக்ஸி. அவரும் கத்தினார், இரண்டு தடவை. அந்தத் தாய் ஒரு வாரத்தில் இறந்தார். 2017 இல் வழக்கு நடந்தது. ஆட்கொலைக் குற்றத்திலிருந்து ஜூரிகள் அவரை விடுவித்தனர். குதிரைவண்டிக் காலத்து 1861 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கண்மூடித்தனமாக ஓட்டி உடற்காயம் விளைவித்த குற்றத்துக்குப் பதினெட்டு மாதத் தண்டனை. முன்பிறேக் கட்டாயம் என்று தனக்குத் தெரியாது என அவர் நீதிமன்றில் கூறினார். அந்தச் செய்தியை வாசித்தபோது மற்றவர்கள் அந்தக் கத்தலை ஆணவம் என்றார்கள். எனக்கு அது வேறுவிதமாகக் கேட்டது. கையில் பிறேக் இல்லாதவனிடம் மிஞ்சுவது வாய் மட்டுமே.

என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அப்போது நடந்துகொண்ட விதமும் வெட்கத்துக்குரியது. பிரித்தானியப் பத்திரிகைகள் பல வாரக்கணக்கில் சைக்கிள் ஓடுபவர் எல்லோரையும் கொலைகாரராக்கின. அந்த 2016 இல் பிரித்தானிய வீதிகளில் இறந்த பாதசாரிகள் 448 பேர். அவற்றில் சைக்கிள் சம்பந்தப்பட்டவை மூன்று. மற்றவர்களை இடித்த கார்களையும் லொறிகளையும் பற்றி அதேயளவு பக்கங்கள் எழுதப்படவில்லை. இரு பிறேக்கும் பிறீவீலும் பூட்டி வேலைக்குப் போகும் ஒற்றைக் கியர்க்காரரையும், முன்பிறேக் பூட்டிய ஃபிக்ஸிக்காரரையும், எதுவுமே பூட்டாதவரையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டது சோம்பேறித்தனம். ஆசிரியபீடத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சோம்பேறித்தனம் என்பதும் மரியாதையான சொல்தான்.

ஆனால் பிறேக்கைக் கழற்றியவர்கள் அந்த மூன்று என்ற எண்ணின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. சைக்கிளை வெறுப்பவர்களின் கையில் ஆயுதத்தைக் கொடுத்தவர்கள் அவர்களே. அதன் அடி அவர்களுக்கு விழுவதில்லை. பிள்ளையைக் கூடையில் ஏற்றிப் பாடசாலைக்குக் கொண்டுபோகும் பெண்ணுக்கே விழுகிறது. பேர்லின் பொலிஸார் 2009 இலேயே பிறேக் இல்லாத ஃபிக்ஸிகளைப் பறிமுதல் செய்தார்கள். 2025 யூலையில் சியோல் நகரில் ஒரு பள்ளி மாணவன் பிறேக் இல்லாத சைக்கிளில் இறக்கத்தில் வந்து நிறுத்த முடியாமல் உயிரிழந்தான். அடுத்த மாதம் கொரியப் பொலிஸார் நடவடிக்கையில் இறங்கினார்கள். இதே பிழை நகருக்கு நகர் மாறி நடக்கிறது, ஒளிப்படங்களில் அது அழகாகத் தெரிவதால். 2007 இல் சான் பிரான்சிஸ்கோ மலைவீதிகளில் எடுத்த 'மாஷ்' படத்தை என் பெறாமகன் எனக்குப் போட்டுக் காட்டினான். இளைஞர்கள் சரிவில் பாய்ந்து வருகிறார்கள். கமரா அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சந்தியில் நிற்பவரின் முகத்தை அது பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் பிரித்தானியச் சட்டம் கேட்பது மிகச் சிறியது. 1983 ஆம் ஆண்டு விதிகளின்படி நிலையாகப் பூட்டிய பின்பல்சக்கரமே பின்சில்லின் பிறேக்காகக் கொள்ளப்படும். மேலதிகமாக முன்சில்லுக்கு ஒன்று போதும். ஒரு பிடி, ஒரு கம்பி, இரண்டு கட்டை. ஃபிக்ஸி ஓடும் இன்பத்தில் எதுவும் அதனால் குறையாது. சிவப்பு விளக்கில் காலை ஊன்றாமல் அசையாது நிற்கும் வித்தையும் அப்படியே செய்யலாம். அழகு கெட்டுவிடும் என்கிறார்கள். கெடட்டும்.

பயணம் முடிவதற்கு முதல்நாள், சைக்கிளின் முன்கவட்டைத் தடவிப் பார்த்தேன். பிறேக் பூட்டும் துளை இருந்தது. பந்தயச் சைக்கிள் சிலவற்றில் அதுவும் இருக்காது. கடைக்குப் போய் முழுத் தொகுதியையும் வாங்கி, பெட்டியோடு அவன் மேசையில் வைத்தேன். வைக்கும்போது 1993 மார்கழிக் கதையையும் சொன்னேன். நாற்பது ஆண்டுகால மனைவிக்கும் முழுமையாகச் சொல்லாத கதை. அவன் தலைகுனிந்து கேட்டான். "யோசிக்கிறன் பெரியப்பா" என்றான்.

சென்ற வாரம் தம்பியோடு தொலைபேசியில் கதைத்தபோது சைக்கிளைப் பற்றி விசாரித்தேன். பெட்டி திறந்திருக்கிறதாம். பூட்டினானா என்று கேட்டேன். சைக்கிள் இப்போது சுவரில் இல்லை, மகன் வெளியே கொண்டுபோய்விட்டான், வந்ததும் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.