பேருந்தை விடுங்கள், டம்பரைப் பாருங்கள்

ஹைட்ரஜன் வாகனம் என்றாலே நம் ஆட்சியாளர்களுக்குப் பேருந்தும் லாரியும் படகும்தான் நினைவுக்கு வருகின்றன. கொடியசைக்க வசதியானவை அவை. 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவிலிருந்து பிரதமர் தொடங்கிவைத்ததும் ஒரு ஹைட்ரஜன் படகைத்தான். 2025 மார்ச்சில் மத்திய அரசு அனுமதித்த 37 சோதனை வாகனங்களும் பேருந்துகள், லாரிகள்; அவற்றின் வழித்தடங்கள் எதுவும் மேற்கு வங்கத்தில் இல்லை.

அதற்காகக் கொல்கத்தா ஏங்க வேண்டியதில்லை. மின்சாரப் பேருந்துகள் 2019 முதல் அங்கே ஓடுகின்றன. ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்கச் சுமார் 50 யூனிட் மின்சாரம் வேண்டும். அது வண்டிக்குள் மறுபடி மின்சாரமாகும்போது பாதிகூடத் தேறுவதில்லை. இரவில் டிப்போவில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பேருந்துக்கு எதற்கு இந்த வீண்செலவு?

ஆனால் அதே நகரின் நியூ டவுனில் அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் தலைமையகம் இருக்கிறது. 2021இல் அந்நிறுவனமே சொன்ன கணக்கின்படி, ஆண்டுக்கு எரிக்கும் டீசல் 4 லட்சம் கிலோலிட்டருக்கு மேல். செலவு 3,500 கோடி ரூபாயைத் தாண்டும். பெரும்பங்கைக் குடிப்பவை டம்பர்கள் எனப்படும் ராட்சதச் சுரங்க லாரிகள். ராணிகஞ்ச் பகுதியின் சோனேப்பூர் பஜாரி போன்ற திறந்தவெளிச் சுரங்கங்களில், குழியின் அடியிலிருந்து பாரத்தோடு மேடேறுவதே இவற்றின் வேலை. ஷிப்டு மாறினால் ஓட்டுநர் மாறுவார், வண்டி நிற்காது. மணிக்கணக்கில் சார்ஜுக்கு நிறுத்தினால் உற்பத்தி படுத்துவிடும்.

நெய்வேலியில் ராட்சத வெட்டு இயந்திரங்கள் மின்சாரத்தில்தானே ஓடுகின்றன என்று நம் வாசகர்கள் கேட்கலாம். கேபிளும் கன்வேயரும் போட முடிந்த இடத்தில் அதுவே சரி. டம்பரின் பாதையோ குழி ஆழமாக ஆழமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஹைட்ரஜனுக்கு ஒரு நியாயம் இருக்குமானால் அது இங்கேதான்.

எளிதான வேலை என்று சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் மொகலக்வேனா பிளாட்டினம் சுரங்கத்தில் 290 டன் சுமக்கும் ஹைட்ரஜன் டம்பர் 2022இல் அறிமுகமானது. அந்தத் தொழில்நுட்பத்தைக் கையில் வைத்திருந்த ஃபர்ஸ்ட் மோட் நிறுவனம் 2024 டிசம்பரில் திவால் மனு போட்டது. எனவே தனியார் முதலீடு தானாக வந்து குவியும் என்று காத்திருக்க முடியாது.

நிலக்கரி தோண்டச் சுத்தமான எரிபொருளா என்று சிரிப்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய கேலிக்கூத்து, நிலக்கரி மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரிப்பது. நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு அது 35 கிலோவாகும். அரசு வகுத்த பசுமை வரம்போ 2 கிலோ. டீசலே தேவலாம்!

ஆகவே கோல் இந்தியா தோண்டி முடித்த தன் நிலங்களில் சூரியத் தகடுகள் பதித்து, அந்த மின்சாரத்தில் மட்டுமே ஹைட்ரஜன் எடுக்கட்டும். முதலில் ஒரே ஒரு சுரங்கம், பத்து டம்பர்கள் போதும். 19,744 கோடி ரூபாய் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திலிருந்து மத்திய அரசு இதற்கு நிதி ஒதுக்க வேண்டும். ஒரு டன் நிலக்கரிக்கு ஆன ஹைட்ரஜன் செலவை, டீசல் செலவோடு ஒப்பிட்டு, ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.