வாஞ்சி கையில் பெல்ஜியம் பிஸ்டல்

ராயகிரியிலேர்ந்து குற்றால சீசனுக்குக் கிளம்புற கேங், அப்படியே செங்கோட்டைக்கும் ஒரு ரவுண்டு போயிருப்பீங்க. வாஞ்சிநாதன் சிலையையும் பார்த்திருப்பீங்க. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன், கலெக்டர் ஆஷ்... இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சதுதான். அந்தத் துப்பாக்கியோட கதை தெரியுமா?

அது பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங் பிஸ்டல். அன்னிக்கு லேட்டஸ்ட் அயிட்டம்! அதுக்கு முன்னால ரிவால்வர்தான் ராஜா. ஒவ்வொரு குண்டுக்கும் உருளை சுத்தணும். ஆட்டோமேட்டிக்ல அந்த வேலையை வெடியோட விசையே பார்த்துக்கும். குண்டு முன்னால பாயும்போது மேல்பாகம் பின்னால போகும், காலிக்கூடு வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் திரும்பத் தள்ளும்போது, கைப்பிடிக்குள்ள இருக்கிற மேகசின்லேர்ந்து அடுத்த தோட்டா குழலுக்குள்ள போய் உட்காரும். அடுத்து விசையை அழுத்துனா போதும்.

இது ஏன் முன்னாடியே வரலை? பழைய கருமருந்து கரியைக் கக்கும், பாகங்கள் அடைச்சுக்கும். 1884-ல் பிரெஞ்சுக்காரர் பால் வியேய் புகையில்லா வெடிமருந்து கண்டுபிடிச்ச பிறகுதான் ரூட் கிளியர். 1893-ல் போர்ஷார்ட், 1896-ல் மவுசர். ரெண்டுமே பெருசு. அமெரிக்கர் ஜான் பிரவுனிங் 7.65 மி.மீ. சின்னத் தோட்டாவை வெச்சு, கோட்டுப் பையில அடங்குற பிஸ்டலை வடிவமைச்சார். பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி அதைத் தயாரிச்சுது.

வினையும் அங்கதான். 1904-ல் ஹெல்சிங்கியில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் பாப்ரிகோவ், 1909-ல் ஹார்பினில் ஜப்பானின் இத்தோ ஹிரோபூமி, ரெண்டு பேருமே அதோட 1900 மாடலுக்குப் பலி.

1878 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம இங்க துப்பாக்கி வெச்சுக்க முடியாது. புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரங்க கையில. அங்கதான் வ.வே.சு. ஐயர் வாஞ்சிக்குச் சுடப் பயிற்சி கொடுத்தார். 1908-ல் வ.உ.சி.க்கு விதிச்ச இரட்டை ஆயுள் தண்டனை கோபமா கனன்றுகிட்டிருந்த நேரம்.

அப்புறம் என்ன ஆச்சு? ஆஷ் செத்தார். 25 வயசு வாஞ்சி தன்னையே சுட்டுக்கிட்டார். 14 பேர் மேல வழக்கு, ரகசிய இயக்கம் சிதறிப் போச்சு. இத்தோ செத்த மறுவருஷமே கொரியாவை ஜப்பான் விழுங்கிடுச்சு.

வாஞ்சி சட்டைப்பையில் ஒரு கடிதமும் இருந்துச்சு. அதுல நாட்டுப்பற்றும் இருக்கு. சனாதன தர்மம் பேசி, ஜார்ஜ் மன்னரை மாட்டிறைச்சி தின்பவர்னு ஏசுற வரியும் இருக்கு. மாலை போடுறவங்களும் சரி, திட்டுறவங்களும் சரி, அதை முழுசா ஒரு தடவை படிச்சுட்டுப் பேசலாம். அடுத்த தோட்டாவைத் தானா ஏத்தத்தான் பிஸ்டலுக்குத் தெரியும். எதுக்குச் சுடுறோம்கிறது அந்தக் காகிதத்துலதான் இருக்கு பாஸ்!