விளையாட்டு வீரனும் இரசிகர் நம்பிக்கையும்

விளையாட்டிலே வெற்றி பெறுவோரை உலகம் போற்றுகின்றது. அவ்வாறு போற்றுவோருட் பெரும்பாலோர் மைதானத்திலே கால் வையாதவர். தாம் போற்றும் வீரனை நேரிற் கண்டு ஒரு வார்த்தை பேசியறியாதவர். எனினும், அவன் வென்றால் தாமே வென்றதாக மகிழ்வர். அவன் தோற்றால் அன்றைய உணவும் அவர்க்குச் சுவையாது. கைம்மாறு கருதாத இவ்வன்பு எளிதிற் பழித்தற்குரியதன்று. இதற்கு அடிப்படையாவது ஒன்றே: கண்ணெதிரே நிகழ்வது மெய் என்னும் நம்பிக்கை. அந்நம்பிக்கை பொய்க்குமிடத்து இரசிகர் இழப்பது யாது? அவர் செய்யத்தக்கது யாது? இவ்வினாக்களை இவ்விழா மலரிலே சிறிது ஆராய விரும்புகின்றோம். ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொள்வது ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்திலே நிகழ்ந்த ஒரு வரலாறாகும்.

நம் நாட்டு எல்லே ஆட்டத்தை அறிந்தோர்க்குப் பேஸ்போல் முற்றிலும் புதியதன்று. எறியப்படும் பந்தைக் கோலால் அடித்துவிட்டுத் தளங்களைச் சுற்றியோடி மீள்வதே அதன் சாரம். அடித்த பந்து மைதான வேலியைக் கடந்து வீழுமாயின், அடித்தவன் தடையின்றிச் சுற்றி வரலாம். அதனை ஹோம் ரன் என்பர். அந்நாட்டின் தலையாய அணிகள் ஒவ்வொன்றும் ஆண்டொன்றுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. வேனிற்காலம் முழுவதும் ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. ஆதலால், அங்குள்ள இரசிகனுக்குத் தன் அணியின் வீரன் எப்போதோ வந்து போகும் விருந்தினன் அல்லன். மாலைதோறும் வீட்டுக்கு வரும் உறவினன் போல்வான்.

விஸ்கொன்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையிலே அமைந்தது மில்வோக்கி நகரம். பியர் வடித்தலுக்குப் பேர்போனது அந்நகரம். அதன் அணிக்கு வாய்த்த புறூவேர்ஸ் என்னும் பெயரும் அத்தொழில் பற்றியதே. நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ் போன்ற மாநகரங்களோடு ஒப்பிடின் இது சிறியதோர் ஊர். முன்னர் அங்கிருந்த அணியொன்று 1965 ஆம் ஆண்டின் பின் அற்லாண்டாவுக்குப் பெயர்ந்து சென்றது. அவ்விழப்பின் பின் 1970 இல் வந்து சேர்ந்ததே புறூவேர்ஸ் அணி. 1982 இல் அவ்வணி உலகத் தொடரின் இறுதிப் போட்டி வரை சென்று தோல்வியுற்றது. இவ்வாறு நெடுங்காலம் காத்திருந்த ஊருக்கு 2007 இலே வந்தவர் றயன் பிறோன். வந்த ஆண்டிலேயே தேசிய லீக்கின் சிறந்த புதுமுக வீரர் என்னும் பரிசைப் பெற்றார். 2011 இல் அவர் அடித்த ஹோம் ரன்கள் 33. அவ்வாண்டு அணி 96 ஆட்டங்களில் வென்று தன் பிரிவில் முதலிடம் பெற்றது. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மைதானத்துக்கு வந்தனர். நவம்பரிலே, தேசிய லீக்கின் பெறுமதி மிக்க ஆட்டக்காரர் என்னும் உயரிய விருது பிறோனுக்கு வழங்கப்பெற்றது.

விருது பெற்ற ஒரு மாதத்துள், டிசெம்பர் 10 ஆம் நாள், இடி போன்றதொரு செய்தி வெளிவந்தது. ஒக்டோபர் முதலாம் நாள் அவரிடமிருந்து பெறப்பட்ட சிறுநீரிலே புறத்தேயிருந்து ஏற்றப்பட்ட டெஸ்டொஸ்டெரோன் காணப்பட்டது என்பதே அச்செய்தி. டெஸ்டொஸ்டெரோன் மனித உடல் தானே சுரக்கும் பொருளாதலின், அது இருத்தல் மட்டும் குற்றமாகாது. அதற்கும் அதனோடொத்த எபிடெஸ்டொஸ்டெரோன் என்னும் பொருளுக்குமுள்ள விகிதம் பெரும்பாலோரில் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியது. நான்குக்கு ஒன்று என்னும் எல்லையை அது கடக்குமாயின் ஐயம் எழும். மேலும் நுண்ணிய சோதனைகள் நடத்தப்பெறும். இப்பொருளை மிகுதியாக ஏற்றிக்கொள்வோர்க்குத் தசை வளரும். களைத்த உடல் விரைவில் தேறும். இருதயத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் கேடு வருதலும், இளைஞர்க்கு எலும்பு வளர்ச்சி காலத்துக்கு முன்னரே நின்றுபோதலும் அதன் மறுபக்கம்.

பிறோன் குற்றத்தை மறுத்தார். வழக்கு நடுத்தீர்ப்புக்குச் சென்றது. சிறுநீரைப் பெற்ற ஊழியர் அதனை அன்றே மொன்றியல் நகரத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பியிருத்தல் வேண்டும் என்பது விதி. அன்று சனிக்கிழமை மாலை. இனி அனுப்பினும் பொதி அன்று புறப்படாது என்று கருதிய ஊழியர், அதனைத் தம் வீட்டிலே வைத்திருந்து திங்கட்கிழமை அனுப்பினார். பொதியின் முத்திரைகள் குலையாமலே சோதனைச் சாலையை அடைந்தன. எனினும், அனுப்பும் முறை விதிக்கு மாறானது என்று பிறோன் தரப்பினர் வாதித்தனர். 2012 பெப்ருவரி 23 இல் நடுத்தீர்ப்பாளர் ஷியாம் தாஸ் அவ்வாதத்தை ஏற்று, விதிக்கப்பட்டிருந்த 50 ஆட்டத் தடையை நீக்கினார்.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். நடைமுறையிற் பிழை நேர்ந்தது என்பது வேறு. குற்றம் நிகழவில்லை என்பது வேறு. இரசிகர் பலர் இவ்வேறுபாட்டைக் காண விரும்பினாரல்லர். அவர்க்கு அதனை மறைத்தவரும் அவ்வீரரேயாவர். தீர்ப்பின் மறுநாள் பத்திரிகையாளர் முன் தோன்றிய பிறோன், அப்பொருள் தம் உடலிற் புகவில்லை என்பதற்குத் தம் உயிரையே பணயமாக வைக்கலாம் என்றார். அதனோடு அமையாது, பொதி இரண்டு நாள் ஊழியர் கையிலிருந்ததைச் சுட்டி, அவரைப் பற்றி ஐயம் எழும்வண்ணமும் பேசினார். புகழும் பொருளும் உடைய ஒருவர், கூலிக்குக் கடமை செய்யும் ஒருவர்மேற் சாய்த்த பழி அது. நாடெங்கும் அப்பழி பரந்தது. தாம் விதிப்படியே நடந்ததாகவும், இந்நிகழ்ச்சியால் தாமும் தம் குடும்பத்தினரும் பெரிதும் மனம் நொந்ததாகவும் அவ்வூழியர் அறிக்கை விடுக்க நேர்ந்தது. அவ்வறிக்கையைக் கேட்க எத்தனை பேர் செவி தாழ்த்தினர்?

அவ்வாண்டு பிறோன் 41 ஹோம் ரன்கள் அடித்துத் தேசிய லீக்கில் முதல்வரானார். வேற்றூர் மைதானங்களில் அவரை ஏளனம் செய்தனர். மில்வோக்கி மக்களோ தங்கள் வீரரை இரட்டிப்பாக ஆரவாரித்துக் காத்தனர்.

உண்மை வேறொரு வாயிலால் வெளிவந்தது. புளோரிடா மாநிலத்திலே பயோஜெனசிஸ் என்னும் மருந்தகமொன்று விளையாட்டு வீரர்க்குத் தடைசெய்யப்பட்ட மருந்துகளை வழங்கியமை 2013 ஜனவரியில் ஒரு பத்திரிகையால் அம்பலமாயிற்று. அதனைத் தொடர்ந்த விசாரணையின் முடிவில், யூலை 22 இல், அவ்வாண்டு எஞ்சிய 65 ஆட்டங்களுக்கும் வேதனமின்றி விலக்கப்படுவதைப் பிறோன் ஏற்றுக்கொண்டார். ஓகஸ்ட் மாதத்திலே அவர் வெளியிட்ட அறிக்கையில், 2011 இல் உடற்காயம் ஆறுதற்பொருட்டுத் தடைசெய்யப்பட்ட பூச்சு ஒன்றையும் வாயில் வைத்துக் கரைக்கும் வில்லை ஒன்றையும் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார். அவ்வூழியரிடமும் மன்னிப்பு வேண்டினார். அவரைப் பின்னர் நேரிற் கண்டு மனத்தாங்கலைத் தீர்த்துக்கொண்டதாகவும் கூறினார்.

இத்தண்டனையால் அவர் இழந்த வேதனம் முப்பது இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. இரசிகர் இழந்ததற்குக் கணக்கு யாது? அணியின் நிருவாகத்தினர் அவ்வோகஸ்ட் மாதத்து ஆட்டங்களுக்கு வந்தோர் ஒவ்வொருவர்க்கும் பத்து டொலர் பெறுமதியான சீட்டொன்றை வழங்கினர். அது நல்லெண்ணத்தின் அடையாளமென்றே கொள்வோம். ஆயினும், பத்து டொலரால் 2011 ஆம் ஆண்டைத் திருப்பித் தர முடியுமா? பிள்ளையின் கையைப் பிடித்து மைதானத்துக்கு அழைத்துச் சென்ற தந்தைக்கு, அவ்வாண்டின் ஒவ்வொரு மகிழ்ச்சியிலும் இப்பொழுது ஓர் ஐயம் ஒட்டிக்கொண்டது. நாம் கண்டது வீரனின் ஆற்றலையா, மருந்தின் ஆற்றலையா? இவ்வினாவுக்கு விடை கூற வல்லார் ஒருவருமிலர். அவர் 2020 வரை ஆடி அடித்த 352 ஹோம் ரன்கள் அவ்வணியின் வரலாற்றிலே தலையாய எண்ணிக்கை. அவற்றுள் எவை தூயன, எவை அல்லன என்று பிரித்தறியவும் இயலாது. ஊக்கமருந்து வருங்கால ஆட்டத்தை மட்டுமன்றிக் கடந்தகால நினைவையும் கெடுக்கின்றது. அதே விருதுக்கு இரண்டாமிடத்தில் நின்ற மற் கெம்ப் என்பாருக்கும் அவ்வாண்டு திரும்பவில்லை. விருதை மீளப் பெறவேண்டும் என்று அவர் கூறியும் அது பறிக்கப்படவில்லை.

எனினும், இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு என்பது நம் கருத்து. வீரன் பொய்த்தான் என்பதால் இரசிகன் ஏமாந்தான். அது அவன்மேல் வந்த துன்பம். அப்பொய்யை நம்பி, குற்றமற்ற ஓர் ஊழியரை அவன் ஐயுற்றான். அது அவன் வாயிலாகப் பிறர்மேற் சென்ற துன்பம். தூய அன்பு அநீதிக்குக் கருவியாக்கப்பட்டது. பணத்தை ஏமாற்றியவனை மறந்துவிடலாம்; நம் நற்குணத்தையே பிறர்க்குத் தீங்காகத் திருப்பியவன் செய்த கேடு எளிதில் ஆறுவதன்று. ஊக்கமருந்துத் தடைகளைப் பற்றிப் பேசுவோர் ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பேசுகின்றனர், வேதனத்தைப் பேசுகின்றனர். இக்கேட்டைப் பேசுவோர் அரியர்.

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு. வீரன் எதை உண்டால் என்ன, எமக்கு வேண்டுவது ஹோம் ரன்னே என்று கூறுவாருமுளர். அவ்வாறாயின், மருந்தை மறுத்து நேர்வழி நின்று, அதனால் அணியில் இடமிழந்த இளைஞனுக்கு அவர் கூறும் விடை யாது? மருந்துண்டவன் எடுப்பது இன்னொருவனின் இடம். நூற்றுக்கணக்கான வீரர் ஆடும் ஓர் ஆட்டத்திலே சிலர் உண்ணத் தொடங்கின், ஏனையோரும் உண்ணவேண்டிய நிர்ப்பந்தம் பிறக்கும். 2007 டிசெம்பரில் வெளிவந்த மிச்செல் அறிக்கை 89 வீரரின் பெயர்களைக் குறித்தமை இதற்குச் சான்று. 2014 முதல் முதற் குற்றத்துக்கு 80 ஆட்டமும், இரண்டாம் குற்றத்துக்கு 162 ஆட்டமும், மூன்றாம் குற்றத்துக்கு ஆயுட்காலமும் எனத் தடை கடுமையாக்கப்பட்டது. அது கொடுமையன்று, நேர்மையாளர்க்கு இட்ட வேலி.

ஒருமுறை தவறியவனை என்றென்றும் ஒதுக்குக என்பாருமுளர். அதுவும் நமக்கு உடன்பாடன்று. 2014 மார்ச் 31 இல், தடைக்குப் பின் முதன்முறையாகப் பிறோன் தம் ஊர் மைதானத்திற் கோல் பிடித்து நின்றபோது, மில்வோக்கி மக்கள் எழுந்து நின்று ஆரவாரித்தனர். அதனைக் கண்டு நாடெங்கும் பலர் நகைத்தனர். நாம் நகையோம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனையை அனுபவித்து, தீங்கு செய்யப்பட்டவரிடம் மன்னிப்பும் வேண்டியவனை மீள ஏற்றல் நாகரிகமுடையோர் செயல். ஆனால் ஒன்று கேட்போம்: வீரனுக்காக எழுந்தவர், அவ்வூழியரையும் அந்நாளில் நினைத்தனரா? அவரைப் பற்றித் தாம் நம்பியதும் பேசியதும் பொய் என்று ஒருமுறையேனும் தம் பிள்ளைகட்குச் சொல்லினரா? வீரனை மன்னிக்கும் உரிமை இரசிகர்க்குண்டு. தம் பங்குக்கான கடனைத் தீர்க்கும் பொறுப்பும் அவர்க்குண்டு. கடன் தீராத மன்னிப்பு மறதியேயன்றி வேறன்று.

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டுச் செய்தி என்று நம் மாணவர் கருதலாகாது. நம் கல்லூரி மைதானத்தின் ஓரத்திலும் கூட்டம் திரள்கின்றது. நம்மவன் ஆட்டமிழந்தான் என்று மத்தியஸ்தர் கை உயர்த்தியவுடன் அவரை ஏசும் குரலும் அங்கே கேட்கின்றது. நம்மவன் குற்றம் செய்யான், குற்றங் கண்டவனே குற்றவாளி என்னும் மனப்பாங்குதான் மில்வோக்கியில் ஓர் எளிய ஊழியரின் உறக்கத்தைக் கெடுத்தது. நம் வீரரை உள்ளம் நிறையப் போற்றுவோம். ஆயினும், அவர்க்குப் பழுது கூறுவோரின் சொல்லையும் பொறுமையாய்க் கேட்போம். சான்று வெளிப்படும் வரை இருபாலாரையும் ஒருபடித்தாக நோக்குவோம். மத்தியஸ்தர், சோதனையாளர், கணக்கெழுதுவோர் ஆகிய பெயரறியாப் பணியாளரே ஆட்டத்தை ஆட்டமாக நிலைநிறுத்துவோர் என்பதை இளையோர்க்கு உணர்த்துவோம்.

வெற்றிக் கேடயங்கள் காலப்போக்கில் ஒளி மங்கும். நேர்மையாய் ஆடித் தோற்றவனும், அவனை நேர்மையாய்ப் போற்றியவனும், பின்னாளில் ஒருவரையொருவர் நாணமின்றி முகம் நோக்கலாம். அத்தகைய வீரரையும் அத்தகைய இரசிகரையும் நம் கல்லூரி என்றும் ஈன்று தருவதாக.